தொண்டியில் எட்டு நாள், கத்திரி வெயிலோடு

முதல் நாள், வெள்ளி

தொண்டிக்கு ரயில் கிடையாது. ராமேசுவரம் ரயிலில் ஏறி, விடியுமுன் காரைக்குடியில் தூக்கக் கலக்கத்தோடு இறங்கி, தேவகோட்டை, திருவாடானை என்று பஸ் மாறி வர வேண்டும். கொச்சியில் கிளம்பி மூணாறு மலையேறி, மதுரை, சிவகங்கை தாண்டி வருகிற 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கடைசியாக முட்டி நிற்கிற இடம் இதுதான். "இதுக்கு மேல ரோடு இல்லையாம்மா?" என்றாள் மகள். இதுக்கு மேல கடல்.

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் வடகோடியில் இருக்கிற டவுன் என்று தொண்டியைச் சொல்லலாம். வடக்கே இன்னும் தீர்த்தாண்டதானம், பாசிப்பட்டினம், எஸ்.பி.பட்டினம் என்று சிற்றூர்கள், அப்புறம் புதுக்கோட்டை மாவட்டம். பழைய பாட்டுகளில் வரும் தொண்டி இரண்டு. மேற்குக் கரையில் சேரருடையது ஒன்று, இது பாண்டியருடையது. அகிலும் பட்டும் வந்து இறங்கிய துறைமுகம் என்று பெருமையாகச் சொல்லலாம். இன்றைக்கு நாங்கள் வந்து இறங்கியபோது துறைமுகத்து ஊரில் ஓர் ஆட்டோகூட இல்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்கு நடந்தோம்.

என் வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. நானும் மகளும் மட்டும்தான். அத்தை என் அப்பாவின் தங்கை. அப்பத்தா இப்போது அத்தையோடுதான் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எளைச்சுப் போயிட்டியே ஆத்தா" என்றது. நான் போன வருஷத்தைவிட நாலு கிலோ கூடியிருக்கிறேன். அப்புறம் விரலை மடக்க ஆரம்பித்தது. ராம்நாட்டுல பெரியம்மா, தேவிபட்டினத்துல சித்தப்பா, ஆர்.எஸ்.மங்கலத்துல அத்தையோட கொழுந்தனார், நம்புதாளையில மாமாவோட அக்கா. நாலு விரல் மடங்கியது. "அஞ்சாவது இந்த வீடு. இங்கன தூங்குறதுக்கு மட்டும் வந்துட்டுப் போயிராதீக."

நான் வேறொரு பட்டியல் எழுதி வந்திருந்தேன். அதில் வீடுகள் இல்லை, இடங்கள்தான். அதை வெளியே எடுக்கவில்லை.

இரண்டாம் நாள், சனி

காலை ஆறு மணிக்கே அத்தை எழுப்பிவிட்டார், மீன் வாங்க. ஆறரைக்கு மேல் போனால் மிச்சம் மீதிதான் கிடைக்குமாம்.

இது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குள் போகக் கூடாது. மீன்கள் இனம் பெருக்குகிற காலம் என்பதால் இந்த ஓய்வு. 2017க்கு முன்னால் இது 45 நாளாக இருந்தது. சோளியக்குடிப் பக்கம் விசைப்படகுகள் வரிசையாக நிற்கின்றன. பெயின்ட் வாசம், சுத்தியல் சத்தம், நிழலில் வலை பொத்துகிற ஆட்கள். கரையோரம் போய்வருகிற நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. அதனால் மே மாதம் தொண்டியில் கிடைப்பதெல்லாம் நாட்டுப்படகு மீன்தான். வரத்து கொஞ்சம், விலை கூடுதல், ஆனால் ராத்திரி வலை போட்டு விடியலில் வந்த மீன். சென்னையில் நான் வாங்குகிற மீனுக்கு எத்தனை நாள் வயசு என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

மணலில் கூறு கூறாக வைத்திருந்தார்கள். கிழங்கான், ஓரா, முரல், வெள்ளிக்காசு கொட்டினதுபோல் காரல். ஒரு கூடையில் நீலக்கால் நண்டு. ஆண் நண்டின் கால்கள் அவ்வளவு நீலம், யாரோ உட்கார்ந்து மையால் வரைந்த மாதிரி. மகள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மதியம் அதே நண்டு தட்டில் சிவப்பாக வந்ததும், "அந்த ப்ளூ எங்க போச்சு?" என்றாள். அத்தையிடம் பதில் தயாராக இருந்தது: "கொழம்புல கரைஞ்சு போச்சு."

அத்தை பேரம் பேசுவதைத் தனியாக எழுத வேண்டும். விலையே கேட்பதில்லை. கிழங்கானை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்து, திரும்ப வைத்து, அடுத்த கூறுக்கு நகர்கிறார். விற்கிற அக்காவே பின்னால் கூப்பிட்டுக் குறைக்கிறார். இருவருக்கும் முப்பது வருஷப் பழக்கம், தினமும் இதே நாடகம்.

பக்கத்து முஸ்லிம் வீட்டு லாத்தா, அதாவது அக்கா, வட்டலப்பம் கொடுத்தனுப்பியிருந்தார். அத்தை மீன் குழம்பு என்பார், லாத்தா மீன் ஆணம் என்பார். பாத்திரம் மதில் மேல் இங்குமங்கும் போய்வருவதில் எது யாருடைய பாத்திரம் என்பதே இரண்டு வீட்டுக்கும் மறந்துவிட்டது.

பன்னிரண்டரைக்கு கரண்ட் போனது, மூன்றேகாலுக்கு வந்தது. இடையில் மாமா ஒரு நுங்குக் குலையை முற்றத்தில் போட்டு அரிவாளோடு உட்கார்ந்தார். ஒவ்வொரு காயையும் தலையில் ஒரே சீவு. மூன்று கண் தெரியும். கட்டைவிரலைக் கண்ணின் ஓரத்தில் கொடுத்து உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி, நெம்பி, வாயோடு வைத்து உறிஞ்ச வேண்டும். இளசாக இருந்தால் நடுவிலிருக்கும் தண்ணீர் முகத்தில் தெறிக்கும். முற்றியிருந்தால் கடுக்காய், மாட்டுக்குத்தான் போடலாம். மகள் ஸ்பூன் கேட்டாள். மாமா அவளைப் பார்த்த பார்வையில் அந்தக் கோரிக்கை வாபஸ் ஆனது. நாலாவது நுங்கில் அவளுக்கும் கட்டைவிரல் வசப்பட்டது, சட்டை வீணானது. தின்று போட்ட இரண்டு கூந்தலை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பு கொடுத்து, மாமா நுங்கு வண்டியும் செய்து தந்தார். வெயில் இறங்கும்வரை தெருவில் அதன் கடகட சத்தம்தான்.

சாயங்காலம் கடற்கரை. பாக் நீரிணையில் அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. பல இடங்களில் ஆழமே 10 மீட்டருக்குக் குறைவு, கரையோரம் வெகுதூரம் நடந்தாலும் முழங்கால் தண்ணீர்தான். இந்தப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் இங்கே சொல்வார்கள். அமைதியாக இருந்தால் பெண் என்று யார் முடிவு செய்தார்களோ, அவர் என் அத்தையைப் பார்த்ததில்லை. கரையில் பழுப்பு ரிப்பன்போலக் கடல்புல் ஒதுங்கிக் கிடந்தது. ஆவுளியா மேய்வது இதைத்தான் என்று மாமா சொன்னார். கடல்பசுவை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். நேரில் பார்த்ததுண்டா என்று கேட்டேன். சின்ன வயதில் ஒரு தடவை, வலையில் சிக்கியதாம். மேலே சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அத்தை கடற்கரைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறதாம். காலையில் மீன் வாங்கப் போனது கணக்கில் வராது.

மூன்றாம் நாள், ஞாயிறு

தப்பு நடந்த நாள். முழுசாக எழுதிவிடுகிறேன்.

மாமாவின் நண்பருடைய கார், ஓட்ட ஒரு பையன். அத்தை, நான், மகள். உப்பூர், தேவிபட்டினம், ராமநாதபுரம், ராத்திரிக்குள் வீடு. ராமேசுவரம் வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். பாம்பன் பாலத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், மே மாதக் கூட்டத்தில் இருபத்திரண்டு தீர்த்தத்துக்கு வரிசையில் நிற்க எனக்குத் தெம்பில்லை.

உப்பூர் பிள்ளையாருக்கு வெயிலுகந்த விநாயகர் என்று பெயர். கருவறைக்கு மேலே கூரை கிடையாது. உத்தராயணத்தில் ஒரு பக்கமும் தட்சிணாயணத்தில் மறுபக்கமும் அவர் மேல் வெயில் படும் என்கிறார்கள். ராமர் சேதுவுக்குப் போகும் வழியில் இங்கே கும்பிட்டுவிட்டுப் போனார் என்பது ஐதீகம். நாங்கள் போனபோது ஒன்பது மணி. ஊரே நிழல் தேடி ஒதுங்குகிற மாதத்தில் இவர் மட்டும் கூரையே வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கிறார். அத்தை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டே, "உனக்கென்னப்பா, கல்லு" என்று சொல்லிக் கும்பிட்டார்.

தேவிபட்டினம் போய்ச் சேரும்போது பதினொன்றரை. இங்கே கடலுக்குள் ஒன்பது கல் நட்டிருக்கிறது, நவபாஷாணம். இலங்கைக்குப் பாலம் கட்டுமுன் ராமர் நவக்கிரகங்களை வழிபட்டு வைத்தவை என்பார்கள். கல்லைச் சுற்றி வரத் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். நடைபாதை காலைச் சுட்டது. நான் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், ஒன்பது வயதுப் பிள்ளையை. தண்ணீர் வற்றியிருந்த நேரம், கற்கள் நன்றாக மேலே தெரிந்தன. மகள் எண்ணினாள், எட்டு. நான் எண்ணினேன், எட்டு. பூசைச் சாமான் விற்கிற பெண் ஒன்பது இருக்கிறது என்று சத்தியம் செய்தார். திரும்ப எண்ணினோம். எட்டு. அதற்குள் மகளுக்குத் தலை சுற்றியது. எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்துக் காரில் ஏற்றினோம்.

சித்தப்பா வீடு அங்கிருந்து இரண்டு தெரு. அப்பத்தாவின் தங்கை மகன், அப்பாவுக்குத் தம்பி முறை. அத்தை என்னைப் பார்த்தார். "திரும்பும்போது போய்க்கலாம் அத்தை. இப்பப் போனா சாப்பாட்டு நேரம், பாவம் அவுங்களுக்குக் கஷ்டம்" என்றேன். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ராமநாதபுரத்தில் பெரியம்மா வீட்டில் சாப்பாடு, தூக்கம். நாலு மணிக்கு அரண்மனையில் ராமலிங்க விலாசம். தலைநகரைப் போகலூரிலிருந்து இங்கே கொண்டுவந்த கிழவன் சேதுபதி கட்டியது. சுவரெல்லாம் ஓவியம். தஞ்சை மராத்தியரோடு சண்டை, சேதுபதியைப் பார்க்க வந்த ஐரோப்பியர்கள், அந்தப்புரம். நான் வெள்ளைக்காரர்களின் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். "ஏசி போட்ருக்காங்களாம்மா?" சுவர் அவ்வளவு கனம்.

பெரியம்மா விடவில்லை. டிபன் சாப்பிட்டுக் கிளம்பவே எட்டு மணி. தேவிபட்டினம் வந்தபோது மகள் மடியில் நல்ல தூக்கம், டிரைவர் பையனும் மறுநாள் அதிகாலை ஒரு சவாரி இருக்கிறது என்று முனகினான். நிறுத்தாமல் வந்துவிட்டோம்.

வீட்டுக்கு வரும்போது மணி ஒன்பதேமுக்கால். எட்டு மணிக்கே படுக்கிற அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தது.

"நவபாசானத்துல கல்லு எண்ணுனீகளாமே. எட்டுத்தான் கெடச்சுச்சாம்."

பூசைச் சாமான் விற்ற பெண்ணுக்கு வீடு, சித்தி வீட்டுக்கு அடுத்த வீடு.

நான்காம் நாள், திங்கள்

அப்பத்தா என்னோடு பேசவில்லை. மகளோடு பேசுகிறது. மகள் அதைப் பூட்டி என்று கூப்பிடுகிறாள், அதில் குளிர்ந்துபோயிருக்கிறது. எனக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் மகள் வழியாக வருகிறது. "ஒங்கம்மாவ காப்பி குடிக்கச் சொல்லு."

இன்றைக்குக் காவிரித் தண்ணீர் வருகிற நாள். தெருவே குழாயடியில். தள்ளுவண்டிகளில் வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள். நான் இரண்டு குடம் தூக்கினேன், மூன்றாவதை அத்தை பிடுங்கிக்கொண்டார். வேறொன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் நடந்தே நம்புதாளை வரை போய் மாமாவின் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தோம். ஒரு விரல் கழிந்தது.

ஐந்தாம் நாள், செவ்வாய்

காரங்காடு. என் பட்டியலில் முதலில் இருந்த இடம், போனதில் கொஞ்சமும் வருத்தமில்லை. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் மீனவ கிராமம். வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஏறினால் இரண்டு பக்கமும் பச்சைச் சுவராகக் காடு, நடுவில் பாசி நிறத்தில் ஓடை, கடைசியில் திடீரென்று கடல் திறக்கிறது.

ஓடைக்குள் வெயில் அவ்வளவாகத் தெரியவில்லை. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது. படகோட்டி அண்ணன் மரத்துக்குப் பக்கத்தில் படகை ஒதுக்கி, ஓர் இலையைக் காட்டி நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். வெண்கண்டல். மகள் நக்கினாள், முகம் சுளித்தாள், திரும்ப நக்கினாள். உப்பு. வேர் வழியாக வந்த உப்பை மரம் இலையில் கொண்டுவந்து வெளியே தள்ளிவிடுகிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இலை மேல் பொடிப்பொடியாக மின்னியது, அப்பளத்தில் ஒட்டியிருக்கிற உப்பு மாதிரி.

"சுனாமி அன்னைக்கு எங்களுக்கெல்லாம் ஒண்ணும் பெருசா இல்லைங்க" என்றார் அந்த அண்ணன். நடுவில் இலங்கை மறைத்துக்கொண்டது ஒரு காரணம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் காட்டைப் பார்த்துத்தான் சொன்னார்.

கரையில் நண்டு சூப். காரம் காதுக்கு ஏறியது. இரண்டாவது கப்பும் வாங்கினேன்.

ஆறாம் நாள், புதன்

ஆர்.எஸ்.மங்கலம், அத்தையின் கொழுந்தனார் வீடு. "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று இந்த ஊர்க் கண்மாயைச் சொல்வார்கள். ஒரே மூச்சில் நாரையால் பறந்து கடக்க முடியாத அளவு பெரிசாம். இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்த மண்ணும் சீமைக்கருவையும்தான். நாரை நடந்தே போகலாம்.

களத்தில் முண்டு வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. உருண்டையாகக் கருஞ்சிவப்பில், ஒரு ஏக்கர் அளவுக்குக் கம்பளம் விரித்த மாதிரி. 2023இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் விலை ஏறியதா என்று அந்த வீட்டு மாமாவிடம் கேட்டேன். "பேரு ஏறிருக்குமா" என்றார். நாங்கள் மூன்று பேரும் களத்து ஓரத்தில் நின்று தும்மிய தும்மலில் கோழிகள் ஓடின. இரண்டு கிலோ கட்டிக் கொடுத்தார்கள்.

திரும்பும்போது அத்தை ஓரியூருக்குப் போக வேண்டும் என்றார். லிஸ்பனில் பிறந்து இங்கே வந்து அருளானந்தர் ஆன ஜான் டி பிரிட்டோவை 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டிய இடம். 1947இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அவர் ரத்தம் பட்டுத்தான் மண் சிவந்தது என்று நம்பிக்கை. அத்தை குங்குமப் பொட்டோடு கோயிலில் முட்டி போட்டுவிட்டு, ஒரு பிடி செம்மண்ணைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் நெற்றியில் இதுதான், அப்புறம் பாராசிட்டமால்.

பஸ்ஸில் திரும்பும்போது சித்தப்பாவுக்கு போன் போட்டேன். "நாளைக்கு வர்றோம் சித்தப்பா." "வாத்தா" என்றார். அவ்வளவுதான், ஒரு கேள்வி இல்லை.

ஏழாம் நாள், வியாழன்

காலை பத்து மணிக்கே போய்விட்டோம், சாப்பாட்டு நேரம் வரை உட்கார வேண்டும் என்ற தெளிவோடு.

சித்தி அன்றைய தினத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மோர் கொடுத்தார். ஃபேனை எங்கள் பக்கம் திருப்பினார். பிள்ளைக்குத் தலை சுற்றியது இப்போது பரவாயில்லையா என்று கேட்டார். சோடா வாங்கிக் கொடுத்தது வரை தெரிந்திருக்கிறது. "அது என்ன சோடாவோ. இங்கன பானைத் தண்ணி இருக்கு" என்று மட்டும் அடுப்பைப் பார்த்துச் சொன்னார். நான் வெங்காயம் உரிக்கக் கத்தி கேட்டேன். இரண்டாவது தடவை கேட்டதும் கொடுத்தார். கத்தி கைக்கு வந்த பிறகுதான் மூச்சு சீராக வந்தது.

சாப்பாடு, தூக்கம், பதநீர், பழைய போட்டோக்கள். கருப்பு வெள்ளைப் படமொன்றில் அப்பத்தாவும் சித்தப்பாவின் அம்மாவும் ஒரே மாதிரிப் புடவையில். அவர்களுடைய அப்பா தொண்டியில் தோணி ஏறிக் கொழும்புக்குப் போய் வியாபாரம் பார்த்தவர், அங்கிருந்து ஒரே பீஸில் எடுத்து வந்த துணியாம். அந்தக் காலத்தில் தொண்டியிலிருந்து கொழும்புக்குப் போவது, இன்றைக்கு மதுரைக்குப் போவது மாதிரி என்றார் சித்தப்பா.

ஐந்து மணிக்கு அவர் மகளைக் கூப்பிட்டார். "வா, ஒன் ஒம்பதாவது கல்லக் காட்றேன்."

நானும் பின்னால் போனேன். இந்தத் தடவை தண்ணீர் ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை இடுப்பளவு தெரிந்த கற்கள் இப்போது தலையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தன. மகள் எண்ணினாள், ஆறு. எண்ணிக்கை குறைகிறதே என்று கவலைப்பட்டாள். சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளைக் கையில் பிடித்து இறங்கினார். சுற்றி வந்து ஓர் இடத்தில் நின்று, தண்ணீருக்குள் அவள் காலைப் பிடித்து மெல்ல ஒரு பக்கம் நகர்த்தினார். அவள் முகம் மாறியது. "வழவழன்னு இருக்கும்மா!" என்று கத்தினாள். ஏழு வயதில் அவருடைய அப்பா அவர் காலைப் பிடித்து வைத்த அதே கல் என்றார்.

எங்களை பஸ் ஏற்றிவிடும்போது சித்தி ஒரு பொட்டலம் கொடுத்தார், கருவாடு. ரயிலில் எப்படிக் கொண்டுபோவது என்ற கவலையை முகத்தில் காட்டாமல் வாங்கிக்கொண்டேன்.

எட்டாம் நாள், வெள்ளி

மத்தியான பஸ். கருவாடு ஐந்து கவர் போட்டு, துண்டில் சுற்றி, பெட்டியின் அடியில். வத்தல் மேலே. செம்மண் ஒரு சிட்டிகை, தீப்பெட்டியில். லாத்தா கடைசி நிமிஷத்தில் மதில் மேல் ஒரு டப்பா நீட்டினார், அது அத்தையின் டப்பா.

அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து நாங்கள் செருப்புப் போடுவதையே பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து நாளாக என்னோடு நேரடியாக ஒரு வார்த்தை இல்லை. பெட்டியைத் தூக்கியதும்தான் வாயைத் திறந்தது.

"தேவிபட்டினத்துல என்ன கொழம்பு வச்சா?"

"கிழங்கான், அப்பத்தா. மாங்கா போட்டு."

"புளி கம்மியா இருந்திருக்குமே."

"கொஞ்சம் கம்மிதான்."

"அவ மாமியா கையும் அப்படித்தான். என் தங்கச்சிதான், ஆனா புளி மட்டும் ஊத்தவே மாட்டா" என்று சொல்லிவிட்டு, நகர்ந்து உட்கார்ந்து, தனக்குப் பக்கத்தில் திண்ணையைத் தட்டியது. "பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்கு. உக்காரு."